பட்டினி கிடந்த சோதனைக் குழாய்

ஆடித் திருவிழா மலரில் போடுவதற்கு என் மனைவியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி, கோவிலம்பாக்கம் கோயில் கமிட்டியார் என் ஹார்டுவேர் கடைக்கு வந்து நின்றார்கள். இரண்டு பக்கமாம்! பைப்புக்கு வாஷர் மாட்டுவது எப்படி என்று கேட்டாலே நான் அரை மணி நேரம் பேசுகிறவன். செல்லியம்மாளை இரண்டு பக்கத்தில் மடித்து வைக்க அவள் என்ன கைக்குட்டையா? எழுதுகிறேன், எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வரும், வெட்டினால் நன்கொடைக்கு என் கடைப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லித் தொலைக்கிறேன். என் மனைவி ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வாசலில் 'டாக்டர் செல்லியம்மாள்' என்று நான்தான் ஆசையாகப் பலகை மாட்டினேன். மறுநாளே ஜுரம் அடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்துவிட்டாள். அதற்கப்புறம் இருமல், வயிற்றுப்போக்கு, தேள்கடி எல்லாம் வந்தது. இது படித்து வாங்கிய பட்டம், பழத்தைப் பற்றிய பட்டம் என்று வாசலில் நின்று கத்திக் கத்தி என் தொண்டைதான் போயிற்று. பலகையை மட்டும் கழற்றவில்லை. கழற்ற மாட்டேன்.

அவள் பிறந்தது கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். வேர்க்கடலை போடுகிற குடும்பம். வீட்டில் கடைசிப் பெண். அம்மன் பெயரை வைத்தார்கள், அம்மன் மாதிரியே பிடிவாதம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் முடித்ததும் நிறுத்தப் பார்த்தார்கள், நிற்கவில்லை. தினமும் ரயிலேறித் தாம்பரத்துக்கு வந்து படித்தாள். பி.எஸ்சி. முடித்தாள், எம்.எஸ்சி. முடித்தாள், படித்த கல்லூரியிலேயே வேலைக்கும் சேர்ந்தாள். அந்தக் கூட்ட ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படிப்பாள், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு படிப்பாள். நான் பத்தாவது. அதுவும் இரண்டாம் முறை எழுதி.

எண்பத்தைந்தில் பெண் பார்க்கப் போனோம். என் அப்பா அப்பாதுரை, ஊரில் நாலு பேர் கேட்கிற மனிதர், மீசையும் வெள்ளை வேட்டியுமாக நடுவில் உட்கார்ந்தார். ஏரிக்கரையில் இருக்கிற நாவல் மரங்கள் எங்கள் நிலத்தோடு சேர்ந்தவை. அவருக்கு நிலத்தைவிட அந்த மரங்கள் மீதுதான் உயிர். காபி வந்ததும் பெண்ணிடம் நேராகக் கேட்டார்.

“இன்னாம்மா படிச்சிக்கீறே?”

“உயிர் வேதியியல், எம்.எஸ்சி.”

“அப்டீன்னா?”

“நாம சாப்பிடறது உடம்புக்குள்ள போய் என்ன ஆவுதுன்னு படிக்கிறதுங்க.”

என் அப்பா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, “நீ துன்றதுக்கு இவதாண்டா சரி,” என்றார். கல்யாணம் அப்படித்தான் முடிவானது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வேறென்ன சொல்லியிருப்பேன்!

ஆராய்ச்சி என்கிற பேஜாருக்கும் என் அப்பாதான் காரணம். எண்பத்தொன்பது ஆடி மாதம். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு முறத்தில் நாவல் பழத்தைக் கொட்டி, உப்பைத் தூவி, வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தார். ரத்தத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, எங்கள் மரத்துப் பழம் மாதிரி மேடவாக்கம் வரைக்கும் போனாலும் கிடைக்காது என்றார். செல்லியம்மாள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், சும்மா இருக்காமல் வாயைத் திறந்தாள்.

“பழத்துல சத்து இருக்குது மாமா, சரி. வயித்துக்குள்ள போனதுக்கு அப்புறமும் அது இருக்குமா?”

“இல்லாம எங்க பூடும்?”

“வயித்துல ஆசிட் இருக்குது. குடல்ல பித்தம் இருக்குது. அதையெல்லாம் தாண்டி எவ்வளவு மிஞ்சுதுன்னு யாரும் பார்த்த மாதிரி தெரியல.”

“அப்போ நீயே பார்த்து எனுக்குச் சொல்லு,” என்றார் என் அப்பா. விளையாட்டுக்குச் சொன்னார். இவள் அதையே தலைப்பாக எழுதிப் பதிவு செய்துவிட்டாள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற பி.எச்டி.

ஊர் சும்மா இருக்குமா? என் மாமன் மகன் குப்புராஜ் என்று ஒருவன். மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டே மானத்தை வாங்குகிற ஜாதி. கடை வாசலில் நின்று நாலு பேருக்கு நடுவில் கேட்டான்.

“இன்னா மச்சான், பழம் வயித்துக்குள்ள போய் இன்னா ஆவுதுன்னு தங்கச்சி படிக்குதாமே? அது இன்னா ஆவுதுன்னு காலீல ஏரிக்கரையாண்ட போனா தெரிஞ்சிடப் போவுது!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதனால்தான் கோபம் இரண்டு மடங்காக வந்தது. கையில் இருந்த பைப்பைக் காட்டி, அவனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை அனுப்பி வைத்தேன்.

அவள் செய்த வேலையைப் போய்ப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பழக்காலம் வந்தால் தினமும் காலையில் ஏரிக்கரை மரத்திலிருந்து பறித்த பழத்தை டி.வி.எஸ். ஐம்பதில் கட்டிக்கொண்டு, பின்னால் அவளையும் ஏற்றிக்கொண்டு, மேடவாக்கம், சேலையூர் வழியாகத் தாம்பரம் போய் விடுவேன். கடையைத் திறக்க நேரமானால் ஆகட்டும் என்று சில நாள் உள்ளே போய் நின்று பார்ப்பேன்.

கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு வயிறு கட்டியிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பழத்தைத் தோலோடு மசித்துக் குழாயில் போடுவாள். வயிற்றில் இருக்கிற மாதிரி ஆசிட்டும், செரிக்க வைக்கிற என்சைமும் ஊற்றி, உடம்புச் சூட்டில் வெந்நீர்த் தொட்டிக்குள் ஆட்டி வைப்பாள். அப்போது அது ரத்தச் சிவப்பாக இருக்கும், பார்க்கவே ஜோராக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து சோடா உப்பைப் போட்டு ஆசிட்டைத் தணித்து, பித்தமும் வேறொரு என்சைமும் சேர்ப்பாள். அது குடலாம். அங்கே போனதும் சிவப்பு மாறும். ஊதாவாகும், நீலமாகும், கடைசியில் கழுநீர் நிறத்துக்கு வந்துவிடும். இந்த என்சைம்களைப் பன்றியின் வயிற்றிலிருந்து எடுக்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். இதை என் அப்பா காதில் போட வேண்டாம் என்று இருவரும் அங்கேயே முடிவு செய்தோம்.

எவ்வளவு சத்து மிஞ்சியது என்று பார்க்க ஒரு மருந்து உண்டு. அதை ஊற்றினால் சத்து இருக்கிற அளவுக்கு நீலம் ஏறும். அந்த நீலத்தை மீட்டரில் வைத்து அளப்பாள். அளந்து பார்த்தால் அதிசயம்! பழத்தில் இருந்ததைவிடக் குடலைத் தாண்டிய பிறகு சத்து கூடியிருந்தது. ஒரு வருடம் இல்லை, அடுத்தடுத்த பழக்காலங்களிலும் அப்படியே வந்தது.

அவளுடைய வழிகாட்டி ராஜகோபாலன் சார் குதித்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் சந்தோஷம் வந்தால் தாங்க மாட்டார். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். எங்கள் பக்கத்து இலவச வாரப் பத்திரிகை ஒன்று, 'வயிற்றுக்குள் போனால் சத்து பெருகும் நாவல்' என்று போட்டது. என் அப்பா அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தார். குப்புராஜ்கூட நம்பிவிட்டான். ஒரு முறம் பழத்தை ஒரே மூச்சில் தின்றுவிட்டு, தொண்டை கட்டி, வயிறும் கட்டி, ஒரு வாரம் வாயைத் திறக்காமல் கிடந்தான். ஊருக்கு அந்தப் பழம் செய்த பெரிய உபகாரம் அது.

செல்லியம்மாளுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு முள். வண்டியில் திரும்பும்போது என் முதுகுக்குப் பின்னால் முனகுவாள்.

“நிறம் போவுதுங்க. ஆனா மீட்டர்ல கூடுது. எப்படி?”

“சார் இன்னா சொல்றாரு?”

“நிறம் போனா என்ன, சத்து வேற உருவத்துக்கு மாறியிருக்கும்னு சொல்றாரு. இருக்கலாம்.”

“பெரியவரு சொல்ட்டாரு, உட்டுடேன்.”

விட்டால் அவள் செல்லியம்மாளா?

தொண்ணூற்று மூன்று. அந்த டிசம்பருக்குள் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கெடுவை நீட்டித்து வாங்கியாகிவிட்டது, இனி நீட்டிப்பு இல்லை என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். தாண்டினால் இத்தனை வருட வேலையும் குப்பைத் தொட்டிக்குத்தான். கடைசியாக ஒரு முறை செய்து பார்த்துவிட்டு எழுத உட்காருவதாக அவள் திட்டம்.

அந்த வருடம் ஊரில் அம்மை போட்டது. அதனால் பெரியவர்கள் கூடி, கூழ் ஊற்றும் திருவிழாவை முன்னால் தள்ளி, சட்டென்று காப்புக் கட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். காப்புக் கட்டிய நேரத்திலிருந்து கூழ் ஊற்றும் வரை ஏரிக்கரை நாவல் மரத்துப் பழம் அம்மனுக்கு. மனிதர்கள் தொடக்கூடாது. கீழே விழுந்ததைக்கூடப் பொறுக்க மாட்டார்கள். அன்று காலை செல்லியம்மாள் என்சைம்களைக் கலக்க முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டாள், பழத்தை நான் கொண்டு வருவதாகப் பேச்சு. நான் கூடையோடு மரத்தடிக்குப் போனால், என் அப்பா மஞ்சள் துணியை மரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

“காப்பு கட்டியாச்சு. கைய எடு.”

“நைனா, செல்லி அங்க எல்லாத்தியும் கலக்கி வச்சிட்டுக் கீது.”

“அம்மனவிட உம் பொண்டாட்டி பெரியவளா?”

வெறுங்கையோடு தாம்பரம் போனேன். ஆய்வுக்கூட வாசலிலேயே அவள் என் கையைப் பார்த்துவிட்டாள்.

“பழம் எங்க?”

“காப்பு கட்டிட்டாங்க. இரு, ஸ்டேஷனாண்ட கூடைக்காரம்மா விக்குது, வாங்கியாறேன்.”

“வேற மரத்துப் பழம் வேணாங்க. எல்லா வருஷமும் ஒரே மரம். மாத்தினா ஒப்பிட முடியாது.” ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “நம்ம மரத்துப் பழம் இங்க ஐஸ் பெட்டியில முந்தாநாள் வச்சது கொஞ்சம் கெடக்குது. ஆனா காப்பு கட்டியாச்சுன்னா அதுவும் அம்மனுதுதானே. அவளுக்குப் படைக்கறதுக்கு முன்னாடி பன்னி என்சைமுல போட எனக்கு மனசு வரல.”

எம்.எஸ்சி. படித்தவள்தான். ஆனால் எங்கள் ஊர் மருமகள். இரண்டும் ஒரே ஆள்தான், அதில் என்ன ஆச்சரியம்?

கலக்கிய என்சைம் அன்றைக்கு மட்டும்தான் உயிரோடு இருக்குமாம். கடல் தாண்டி வந்த மருந்து, கீழே ஊற்ற அவளுக்கு மனசில்லை. சிரித்துக்கொண்டே குழாய்களை எடுத்தாள்.

“காப்பு கட்டினதுல இருந்து நானும் ஒரு வேளைதான் சாப்பிடணும். இதுவும் பட்டினி கெடக்கட்டும். வெறும் வயிறு என்ன பண்ணுதுன்னு சும்மா பார்ப்போம்.”

பழமே போடாமல் ஆசிட் ஊற்றினாள், என்சைம் ஊற்றினாள், சோடா உப்பு, பித்தம் எல்லாம் முறைப்படி செய்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, கடையில் யார் திட்டுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த மருந்தை ஊற்றினாள்.

நீலம் ஏறியது. நல்ல நீலம்.

“சோக்கா வந்துகீதே!” என்றேன் நான்.

அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. குழாயை மீட்டரில் வைத்தாள், எடுத்தாள், துடைத்து மறுபடியும் வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“பழமே இல்லைங்க. எங்க இருந்து நீலம் வந்துது?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

அவளே சொன்னாள். என்சைம் என்பது புரதம். அந்த மருந்து பழச்சத்தைக் கண்டாலும் நீலமாகும், புரதத்தைக் கண்டாலும் நீலமாகும். இத்தனை வருடமும் ஒப்பிட்டுப் பார்க்க அவள் வைத்தது வெறும் தண்ணீரும் மருந்தும் இருந்த குழாயைத்தான். பழச்சாறு மட்டும் அளக்கும்போது அது போதும், கல்லூரியில் எல்லாரும் செய்கிற முறையும் அதுதான். என்சைம் ஊற்றுகிற இடத்தில் அது போதாது. என்சைமின் நீலத்தையும் சேர்த்து இவள் பழத்தின் பேரில் எழுதியிருக்கிறாள். பெருகியது சத்து இல்லை.

ராஜகோபாலன் சாரிடம் போனோம். அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். பாவம், மாநாட்டில் கை தட்டு வாங்கியவர்.

“செல்லியம்மா, சீசன் முடியப் போறது. டிசம்பருக்குள்ள எல்லாத்தையும் திரும்பப் பண்ண முடியுமா?” என்றார். “இருக்கறதை வெச்சு எழுதினா பாஸ் ஆயிடும். என்சைம் மட்டும் போட்ட பிளாங்க் குழாய் எங்கேன்னு கேக்கற எக்ஸாமினர் வர்றது அபூர்வம்.”

“யாரும் கேக்கலைன்னாலும் எனக்குத் தெரியுமே சார்.”

அவர் குழாயை ஸ்டாண்டில் வைத்தார். பிறகு, “நானே முதல்ல கேட்டிருக்கணும்மா. பண்ணு, நான் கூட இருக்கேன்,” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதரை இன்றைக்கும் நான் கும்பிடுவேன்.

ஆனால் ஊரில் வேறு கூத்து காத்திருந்தது. கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை மேடையில் மருமகளுக்குச் சால்வை போட என் அப்பா ஏற்பாடு செய்திருந்தார். மைக் செட், சாமந்தி மாலை, நாவல் பழத்தில் சத்து பெருகும் என்று கண்டுபிடித்த எங்கள் ஊர்ப் பெண் என்று துணி பேனர். வண்டியில் திரும்பும்போது செல்லியம்மாள் சொன்னதைக் கேட்டு நான் சேலையூர் ஏரி ஓரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டேன்.

“மைக்ல சொல்லப் போறியா? உனுக்கு இன்னா பைத்தியமா? திருவிழா முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம். அந்தாளு மீசைய அந்த மேடையிலியே மழிக்கணுமா?”

“அம்மன் எதிர்ல பொய்க்கு மாலை வாங்கிட்டு, அதே கையால கூழ் வாங்கிக் குடிக்கச் சொல்றீங்களா?”

நான் கத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவள் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். மேடவாக்கம் கூட்டு ரோடு வரை வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போய், வா தாயே, ஏறு, எதை வேண்டுமானாலும் சொல் என்று ஏற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கூழ்ப் பானைகள் வரிசையாக இருந்தன, வேப்பிலை வாசனை, ஊரே கூடியிருந்தது. என் அப்பா மைக்கில் மருமகளைப் பற்றி முழங்கிவிட்டு, அவள் கையில் மைக்கைக் கொடுத்தார். அவள் பேனரைக் காட்டினாள்.

“பேனர்ல போட்டிருக்கறது தப்பு. என்னோட தப்புதான். நாவல் பழம் வயித்துல போனா சத்து பெருகாது. எவ்வளவு மிஞ்சுதுன்னு இன்னும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சதும் வந்து சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த மாலை எனக்கு வேணாம், அம்மனுக்கே போடுங்க.”

பூசாரி கைமணியை ஆட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். குப்புராஜ் கூட்டத்திலிருந்து, “அப்போ நான் துன்ன ஒரு மொறம் பழம் நாஸ்தியா தங்கச்சி?” என்று கத்தினான். சிரிப்பு வெடித்தது. என் அப்பா மைக்கை வாங்கி அணைத்தார். கூழ் வாங்காமல் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து மருமகளோடு பேச்சில்லை.

பேசவில்லையே தவிர, மறுநாள் விடியற்காலையில் என் வண்டிப் பக்கத்தில் ஒரு கூடை பழம் இருந்தது. மேலே வாழை இலை மூடி, ஒரு பழம் நசுங்காமல். மரத்தில் ஏறிப் பறித்தது யார் என்று நான் கேட்கவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர், வேட்டியில் ஊதாக் கறையோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் கூடை இருந்தது. மரத்தில் கடைசிப் பழம் இருக்கிற வரை கூடை இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை, செல்லியம்மாளும் கெஞ்சவில்லை. தினமும் கூடையை எடுக்கும்போது மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறுவாள்.

அந்த மிச்சப் பழக்காலத்தில் அவள் உழைத்ததைப் பார்த்தவன் நான். ஒவ்வொரு பழக் குழாய்க்கும் பக்கத்தில் ஒரு பட்டினிக் குழாய். பழக் குழாயின் நீலத்திலிருந்து பட்டினிக் குழாயின் நீலத்தைக் கழிப்பாள். ஊதா நிறத்தைத் தனியாக வேறு வழியில் அளந்தாள். குடல் சுவர் மாதிரி மெல்லிய ஒரு பையைக் குழாய்க்குள் தொங்கவிட்டு, அதைத் தாண்டி எவ்வளவு போகிறது என்று பார்த்தாள். எது பையைத் தாண்டாமல் தோலிலும் சக்கையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றும் பார்த்தாள். ராஜகோபாலன் சார் லீவு நாளிலும் வந்து மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை ஆரம்பிப்பதற்குள் சோதனை முடிந்தது. டிசம்பர் கெடுவுக்குள் தட்டச்சு முடிந்து, தடித்த அட்டையோடு போய்ச் சேர்ந்தது.

அடுத்த வருடம் ஆனி மாதம் வாய்மொழித் தேர்வு. அந்தத் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொன்னதுதான் தாமதம், நான் ஒரு வேன் பிடித்தேன். கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு வேன் ஜனம் தாம்பரம் கல்லூரிக்குள் இறங்கியதைப் பார்த்து வாட்ச்மேன் கல்யாண மண்டபம் எதிர்ப்பக்கம் என்றான். என் அப்பாவை நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்குத் தைரியமில்லை. ஆனால் வேன் கிளம்புகிறபோது வெளுத்த வேட்டியோடு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மடியில் துணி மூடிய ஒரு கூடை. யாரும் எதுவும் கேட்கவில்லை. குப்புராஜ்கூட வாயை மூடிக்கொண்டு வந்தான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பெயர் தோத்தாத்ரி. ஒல்லியான மனிதர், சிரிக்கவே மாட்டார் போலிருந்தது. செல்லியம்மாள் படம் போட்டு விளக்கி முடித்ததும், அவர் பழைய மாநாட்டுச் சுருக்கத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“இதுல சத்து அதிகமாகும்னு எழுதியிருக்கீங்க. தீசிஸ்ல பாதிக்கு மேல அழிஞ்சுடும்னு எழுதியிருக்கீங்க. எது சரி?”

“தீசிஸ்ல இருக்கறது சார். பழசு தப்பு. எப்படித் தப்பாச்சுன்னு நாலாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன்.”

“படிச்சேன். பழம் போடாம ஏன் ஒரு நாள் ஓட்டினீங்கன்னு மட்டும் அதுல இல்லையே?”

அவள் ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தாள். “அன்னிக்குப் பழம் எங்க ஊர் அம்மனுக்கு சார்.”

அந்த மனிதர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். சுருக்கத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, “இங்கே வந்திருக்கறவங்க யாராவது கேள்வி கேக்கறதுன்னா கேக்கலாம்,” என்றார். அது வழக்கமாகச் சொல்கிற பேச்சாம், யாரும் கேட்க மாட்டார்களாம்.

என் அப்பா எழுந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, மேடைக் கணக்கை இங்கே தீர்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். திருவிழாவிலிருந்து ஒரு வருடம் நெருங்கப் போகிறது, மருமகள் முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

“எனுக்குப் படிப்பு இல்ல. ஒரே ஒரு கேள்விதான். அன்னிக்கு மொறத்துல பழத்த வச்சிகினு உன்னிய நான் கேட்டது. எங்க மரத்துப் பழம் வயித்துக்குள்ள போனதுக்கு அப்புறம் ஏதாச்சும் மிஞ்சுதா, இல்லியா?”

செல்லியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் பதிலை அளந்துதான் சொன்னாள்.

“வயித்து ஆசிட்ல பெரும்பாலும் அப்படியே நிக்குது மாமா. குடலுக்கு வந்ததும் பாதிக்கு மேல போயிடுது. கொஞ்சம் உடம்புல சேரக்கூடிய மாதிரி பையைத் தாண்டுது. கொஞ்சம் தோல்ல ஒட்டிக்கிட்டு இன்னும் கீழே போகுது, அங்க என்ன ஆவுதுன்னு எனக்குத் தெரியாது. மிஞ்சறது கொஞ்சம்தான். ஆனா இந்தத் தடவை அது பழத்தோடதுதான் மாமா, வேற எதுவும் கலக்கல.”

என் அப்பா தலையை ஆட்டினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மெதுவாகக் குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து கூடையை எடுத்து, துணியை விலக்கி, நேராக நடந்து போய் தேர்வாளர் மேஜை மேல், அந்த ஆராய்ச்சிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த வருடத்தின் முதல் பறிப்பு, காப்புக் கட்டுவதற்கு முன்னால் பறித்தது, பனி போலச் சாம்பல் பூத்த கறுப்புப் பழங்கள். என் பொண்டாட்டி, என் அப்பன், என் ஊர் என்று எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. குப்புராஜ் என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அவன் கண்ணும் ஈரம்தான், மறைத்துக்கொண்டான்.

ராஜகோபாலன் சார் தேர்வாளரைப் பார்த்தார். தேர்வாளர் கூடையைப் பார்த்தார்.

“சாப்புடுங்க சார்,” என்றார் என் அப்பா. “கொஞ்சம் மிஞ்சும். எம் மருமவ சொல்லிக்கீறா.”